சர்வைவல் படத்துக்குப் பின்னணி இசை: நீலகிரியில் எடுத்த ஒரு படத்தை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

"அண்ணா, படம் ரெடி. மியூசிக் மட்டும் போட்டா முடிஞ்சுது."

கோத்தகிரியில் என் வீட்டு மாடி அறைக்கு ஹார்ட் டிஸ்க்கோடு வருகிற தம்பிகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சோலைக்குள் வழி தவறியவன், பாறை இடுக்கில் கால் மாட்டியவள், மண்சரிவில் அடைபட்ட வீடு என்று கதை ஏதாவது ஒன்றாக இருக்கும். படம் 90 நிமிடம் என்றால் கீபோர்டில் வாசித்து வைத்திருக்கும் இசை 80 நிமிடம் இருக்கும். ஆள் தொலைந்த ஐந்தாம் நிமிடமே வயலின் கூட்டம் வந்து, "கவலைப்படாதீங்க, பிழைச்சுடுவான்" என்று சொல்லிவிட்டிருக்கும்.

தேடி வருகிறவர்கள் வந்து சேருவதற்கு முன்னால் இசை வந்து சேர்ந்துவிடக் கூடாது. கீழே உள்ள வரிசை முழுக்க இதற்காகத்தான். உதாரணத்துக்கு, நான் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை வேலை பார்த்த ஒரு சின்னப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். தேயிலைத் தோட்டத்து இளைஞன் ஒருவன் ஆடி மாதச் சாரலில், குந்தா பக்கத்துச் சோலை ஒன்றில் மூன்று இரவு மாட்டிக்கொள்கிறான். படம் 96 நிமிடம். அதில் இசை கடைசியில் 29 நிமிடம்தான் நின்றது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எடிட்டரிடமிருந்து, மூலையில் டைம்கோட் (மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் காட்டும் எண்) ஓடும் பிரதி. படப்பிடிப்பில் பதிவான லைவ் சவுண்ட், தனி ட்ராக்காக. வசனத் தாள். மைக்குக்கு மயிருறை போட்ட கையடக்க ரெக்கார்டர், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், ஒரு நோட்டு, பென்சில். இசை தவிர்த்த மற்றச் சத்தங்களை அமைக்கும் சவுண்ட் டிசைனரின் போன் நம்பர். இது கடைசியில் எழுதியிருந்தாலும் முதலில் தேவைப்படுவது.

கீபோர்டும் வேண்டும்தான். ஆனால் அதன் முறை ஆறாம் படியில்தான் வருகிறது. அதுவரை போர்வை போர்த்தி வையுங்கள்.

1. படம் பூட்டப்பட்டதா என்று பாருங்கள்

எடிட் இன்னும் நடந்துகொண்டிருக்கும் படத்துக்கு இசை போடாதீர்கள். இந்த வகைக் கதையில் இசை ஒரு கை வழுக்குவதற்கும், ஒரு மூச்சு நிற்பதற்கும் சரியாகப் பொருந்த வேண்டும். எடிட்டர் நடுவில் 12 ஃபிரேம் வெட்டினால் அரை நொடி போய்விடும். அதற்கப்புறம் வருகிற எல்லாமே தள்ளிப்போகும்.

ஃபிரேம் கணக்கையும் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்குங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை ஃபிரேமுக்கு ஃபிரேம் 25-ல் ஓட்டினால் ஒரு நிமிடக் காட்சி 57.6 நொடியில் முடிந்துவிடும். நீங்கள் போட்ட இசை அதற்கப்புறமும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒலிக்கோப்பு 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட். பாட்டு செய்து பழகியவர்கள் 44.1-ல் வேலையைத் திறந்துவிடுவார்கள். அதை யாராவது 48 என்று நினைத்து அப்படியே ஓட்டினால் வேகம் 8.8 சதவீதம் கூடி, சுருதியும் ஒரு அரைச்சுரத்துக்கு மேல் ஏறிவிடும். கேட்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஏதோ பொம்மைப் படம் மாதிரி இருக்கிறது என்பார்.

2. ஒட்டி வைத்த இசையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்

எடிட்டர் தன் வசதிக்காக வேறு படத்து இசையை ஒட்டி வைத்திருப்பார். அதைக் கேட்கவே கேட்காமல் ஒரு முறை, வெறும் லைவ் சவுண்டோடு முழுப் படத்தையும் பாருங்கள். ஒரு முறை கேட்டுவிட்டால் அந்த மெட்டு காதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நீங்கள் செய்வதெல்லாம் அதன் நகலாகத்தான் இருக்கும்.

இயக்குநருக்கும் அதே நோய் பிடித்திருக்கும். மூன்று மாதம் அதே இசையோடு பார்த்திருப்பார். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஊமையாகப் பாருங்கள். "இங்க ஒண்ணுமே இல்லாமலே நல்லாயிருக்கே" என்று அவர் வாயாலேயே வரும் இடங்களை உடனே குறித்துக்கொள்ளுங்கள். நாலாம் படியில் அது ஆயுதம்.

3. இடத்துக்குப் போய்க் காதால் கேளுங்கள்

புதியவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இது. சென்னையிலோ கோவையிலோ அறைக்குள் உட்கார்ந்து, வெளிநாட்டு ஒலித் தொகுப்பில் 'காடு, இரவு' என்று தேடி எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்தில் நீலகிரிச் சோலைக்குள் ஓநாய் ஊளையிட்டது. இங்கே சோலையில் ஓநாய் கிடையாது. இருப்பது செந்நாய். அது ஊளையிடாது, சீட்டியடிக்கும்.

அந்த ஒரு செய்தியே எங்கள் படத்தின் இசையைத் தீர்மானித்தது. சோலைக்கு வெளியே, எஸ்டேட் ஓரத்தில் நின்று மூன்று விடியற்காலை கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. சீகாரப் பூங்குருவி ஓடையோரத்தில் பாடும்போது, ஏதோ ஒரு பையன் வேலையில்லாமல் சீட்டியடித்துக்கொண்டு போவது மாதிரியே இருக்கும். வழி தவறி இரண்டு நாள் ஆனவனுக்கு அது மனிதன்தான். கேளையாடு குரைப்பது அசல் நாய் குரைப்பது போல இருக்கும். நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று அவன் அந்தப் பக்கம் நடப்பான். இப்படி ஏமாற்றுகிற சத்தங்கள் ஒரு காட்டில் இருக்கும்போது, நம்பிக்கை கொடுத்துப் பறிக்கும் வேலையை வயலினுக்குக் கொடுப்பானேன்?

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன சத்தம், எந்த நேரம், எந்த மாதம். மாதம் முக்கியம். சோலையின் சின்னஞ்சிறு தவளைகள் மழைக்காலத்தில்தான் அதிகம் கத்தும். தை மாத உறைபனிக் காட்சியில் அவை கத்தினால் மலைக்காரர்கள் சிரிப்பார்கள். நீலகிரிக்குள்ளேயே மழை ஒரே மாதிரி வருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். கூடலூர், அவலாஞ்சி, குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை.

பதிவு செய்யும் முறை சுருக்கமாக: ரெக்கார்டரை முக்காலியில் வைத்துவிட்டு நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். குளிருக்குப் போட்ட ஜெர்கின் சரசரப்பு எல்லாவற்றையும் கெடுக்கும். அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ஒவ்வொரு பதிவிலும் இடம், தேதி, நேரத்தைக் குரலில் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓடவிடுங்கள். முதல் ஒன்றரை நிமிடம் நீங்கள் வந்ததற்காகப் பறவைகள் வாயை மூடிக்கொண்டிருக்கும். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும் என்பதால் மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். சட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் காட்டுமாடு. ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு சாயங்காலம் தேயிலைக் காட்டோரம் தனியாக நிற்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. பின்னால் எது வந்தாலும் கேட்காது. நான் ஒரு தடவை நின்றிருக்கிறேன். அந்தப் பதிவில் கடைசியாகக் கேட்பது என் செருப்புச் சத்தம்.

வெளியூரிலிருந்து வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும். செக்போஸ்ட்டில் வாத்தியத்தோடு நின்றுகொண்டு போனில் விண்ணப்பம் நிரப்புவது நல்ல தொடக்கம் இல்லை.

4. இசை வராத இடங்களை முதலில் குறியுங்கள்

எங்கே இசை வரும் என்று குறிப்பதைத்தான் ஸ்பாட்டிங் என்கிறோம். சர்வைவல் படத்துக்கு அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முழுப் படத்தையும் ஒரு நீளத் தாளில் கோடாகப் போட்டு, இசை வரவே கூடாத இடங்களைச் சிவப்பால் அடியுங்கள். மிஞ்சுகிற வெள்ளைதான் உங்கள் வேலை.

நான் சிவப்படிக்கும் இடங்கள் இவை. ஆபத்து நடக்கும் கணம்: கால் வழுக்குவது, கிளை முறிவது. அந்தக் கணத்துக்கு இசை போட்டால், விழப்போகிறான் என்று முன்கூட்டியே சொன்னதாகிவிடும். விழுந்த பிறகான முதல் அரை நிமிடம்: பார்க்கிறவர்களும் அவனைப் போலவே, எங்கே அடிபட்டது என்று தேட வேண்டும். அவன் தன் கையால் ஏதாவது செய்யும் இடங்கள்: நனைந்த தீப்பெட்டியை அக்குளில் வைத்துக் காயவைப்பது, பாலித்தீன் தாளில் மழைத் தண்ணீர் பிடிப்பது. இங்கே சின்னச் சின்ன சத்தங்கள்தான் கதை. இசை போட்டால் அது சமையல் நிகழ்ச்சி மாதிரி ஆகிவிடும்.

தனிமையில் அழும் காட்சிக்கும் சிவப்புதான். இதில் இயக்குநர்கள் சண்டைக்கு வருவார்கள். எங்கள் படத்திலும் இரண்டாம் இரவில் அவன் அழுகிறான். அதற்கு நான் போட்டுக் கொடுத்த இசையை நானே எடுத்தேன். அழுகைக்கு அடியில் ட்ரோன் (நீண்டு ஒலித்துக்கொண்டே இருக்கும் சுரம்) வைத்தால் அவன் தனியாக இல்லை என்றாகிறது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுப்பது போல. அவனோடு யாரும் இல்லை என்பதுதானே காட்சி?

அப்படியானால் இசை எங்கே வரும்? காலம் நகரும் இடங்களில் வரும்: பகல் இரவாவது, நடந்துகொண்டே இருப்பது. அவன் மனம் வேறெங்கோ போகும் இடங்களில் வரும். தவறான முடிவெடுத்த பிறகு, தவறு என்று அவனுக்குத் தெரியாமல் நடக்கும் இடங்களில் வரும். அங்கே அவனுக்குத் தெரியாதது இசைக்குத் தெரிந்திருக்கலாம். படத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் அந்தச் சலுகையை எடுக்காதீர்கள்.

5. தாளத்தை உடம்பிடம் கேளுங்கள்

ஆபத்து கூடக் கூட வேகத்தைக் கூட்டுவது எல்லோரும் செய்கிற தப்பு. துரத்தல் காட்சிக்கு அது பொருந்தும். குளிரில் சாகப் போகிறவனுக்குப் பொருந்தாது.

குளிர் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று படித்துவிட்டு வாருங்கள். உறைபனிகூட வேண்டியதில்லை. 10 டிகிரியில் நனைந்த சட்டையும் காற்றும் போதும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போகும்போது நடுக்கம் கடுமையாக இருக்கும், விரல் சொன்னபடி கேட்காது, பேச்சு குழறும். ஏறக்குறைய 32-க்குக் கீழே போனால் நடுக்கம் நின்றுவிடும். நாடியும் மூச்சும் மெதுவாகும். சிலர் உடம்பு எரிகிறதென்று சட்டையைக் கழற்றி எறிவார்கள். நடுக்கம் நின்றதைப் பார்த்து, தேறிவிட்டான் என்று நினைப்போம். அதுதான் மோசமான இடம்.

ஆகவே முதல் இரவுக்கு வேகமான, சீரில்லாத அடி. மூன்றாம் இரவுக்கு மெதுவான, மிக மெதுவான அடி. கடைசி இரவில் அடிக்கும் அடிக்கும் நடுவே, அடுத்தது வருமா என்று பார்க்கிறவர் காத்திருக்க வேண்டும்.

கணக்கு இப்படி. 24 ஃபிரேம் படத்தில் நிமிடத்துக்கு 90 அடி என்றால் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். 72 என்றால் 20 ஃபிரேம். 60 என்றால் 24. 48 என்றால் 30. 40 என்றால் 36. எல்லாம் முழு எண்ணில் விழுவதால் வெட்டுகளோடு பொருத்துவது எளிது. 85, 77 என்று வைத்துக்கொண்டு திண்டாடாதீர்கள். நாங்கள் முதல் இரவில் 90-ல் தொடங்கி மூன்றாம் இரவில் 40-க்கு இறங்கினோம்.

அதற்காக 'லப் டப்' என்று இதயத் துடிப்புச் சத்தத்தையே போட்டுவிட வேண்டாம். அது ஆஸ்பத்திரி சீரியல். துடிப்பின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அடியை வேறெதிலாவது வையுங்கள். ஓலைத் தொப்பியில் சொட்டும் தண்ணீர் எங்களுக்குக் கிடைத்தது.

6. ராகத்தைத் தேடாதீர்கள், மூன்று சுரம் போதும்

இப்போது கீபோர்டின் போர்வையை எடுக்கலாம்.

"மலைன்னா குறிஞ்சி ராகம்தானேண்ணா" என்று ஒரு தம்பி கேட்டார். சங்கத் திணையில் குறிஞ்சிக்குக் கூதிரும் (குளிர்காலம்) முன்பனியும் பொழுது, யாமம் (நள்ளிரவு) சிறுபொழுது. நம் கதைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இன்று நாம் பாடுகிற குறிஞ்சி ராகம் சங்கராபரணத்தில் பிறந்தது. தாலாட்டுக்கும் கல்யாணப் பாட்டுக்கும் இனிப்பது. சாகக் கிடப்பவனுக்கு அதைப் போட்டால் தொட்டிலில் கிடப்பான். அம்மாவின் தாலாட்டு நினைவுக்கு வரும் காட்சி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் படத்தில் அப்படி ஒன்று இருந்தது, 14 நொடி.

அடுத்த பொறி சுபபந்துவராளி, சிவரஞ்சனி. முழு ராகமாகப் பிடித்தால் கேட்கிறவர் மனம் தெரிந்த சோகப் பாட்டுக்கு ஓடிவிடும். காட்சி கையைவிட்டுப் போகும்.

ஆகவே ஸ, சின்ன ரி, ப. இந்த மூன்றையும் சீட்டியில் வைத்தோம். காந்தாரம், அதாவது க, இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மெட்டு மகிழ்ச்சியா சோகமா என்று பெரும்பாலும் சொல்லிவிடுவது காந்தாரம்தான். அதைக் கொடுக்காமல் வைத்தால், பிழைப்பானா மாட்டானா என்பதும் தொங்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் அந்தர காந்தாரத்தை (பெரிய க) கொடுங்கள். சின்ன ரியோடு அது சேர்ந்ததும் மாயாமாளவகௌளையின் வாசனை அடிக்கும், விடியற்காலை தானாக வந்து நிற்கும். சங்கீதம் தெரியாதவருக்கும் உள்ளே ஏதோ அவிழ்ந்தது புரியும். 90 நிமிடம் ஒரு சுரத்தைப் பூட்டி வைத்ததற்குக் கிடைக்கும் கூலி அது.

7. கருவியைக் குறையுங்கள், யாருடையது என்று கேளுங்கள்

மூன்று கருவிக்கு மேல் வேண்டாம். எங்களிடம் ஒரு மனிதச் சீட்டி, ஒரு தாழ்ந்த சுருதிப் புல்லாங்குழல், வில்லால் இழுத்த ஒரு செல்லோ. பெரிய கூட்டம் வாசித்தால் பார்க்கிறவருக்குக் காது நிறைந்துவிடும். தனியாகக் கிடக்கிறவனுக்கு எதற்கு அறுபது பேர்?

நீலகிரியில் எடுத்தோம் என்பதற்காக இங்குள்ள பழங்குடி இசையைக் கேட்காமல் எடுத்துப் போடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. கோத்தர்களின் கொள் என்ற சீவாளி வைத்த ஊதுகருவியும், கொம்பும், தப்பட்டையும் மலையில் கேட்டால் மெய்சிலிர்க்கும். அதனால்தான் ஆசை வருகிறது. ஆனால் கோத்தர்களிடம் சாவுக்கான மெட்டு வேறு, தெய்வத்துக்கான மெட்டு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வாசிப்பதில்லை. யாரோ போனில் பிடித்த பதிவை எடுத்து உங்கள் மீட்புக் காட்சிக்கு வைத்தால், அது இழவு மெட்டாக இருந்து தொலைக்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் போய், எதை வாசிக்கலாம், எதை வாசிக்கக் கூடாது என்று கேளுங்கள். வாசிப்பவருக்கு மற்ற கலைஞர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளம், டைட்டிலில் பெயர். கதைக்கு அவசியமில்லை என்றால் விட்டுவிடுங்கள். நாங்கள் விட்டுவிட்டோம்.

8. குளிரிலும் ஈரத்திலும் பதிவு செய்வது

மலையிலேயே பதிவு செய்வதாக இருந்தால் இதைப் படியுங்கள். சமவெளி ஸ்டூடியோவில் என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

புல்லாங்குழல் குளிரில் சுருதி இறங்கும். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 10 டிகிரியில் சுமார் 337. குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதியும் அதே விகிதத்தில் கீழே போகும். வாசிப்பவர் பத்து நிமிடம் ஊதிக் குழலைச் சூடேற்றிய பிறகு பதிவைத் தொடங்குங்கள். நடுவில் டீக்கு எழுந்தால் மறுபடியும் பத்து நிமிடம்.

தோல் கருவி ஈரத்தில் தளர்ந்து குரல் செத்துப்போகும். பறையைத் தீயில் காய்ச்சுகிற மாதிரி, பக்கத்தில் ஹீட்டர் வைத்து அவ்வப்போது காட்டுங்கள். மைக்கை வெளிக்குளிரிலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள்; முகப்பில் நீர் கோத்து, பதிவில் சடசடவென்று பொரியும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் போட்டு, ஒரு மணி நேரம் மூடியே வையுங்கள்.

மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தாழ்ந்த ட்ரோனோடு கலந்து ஒளிந்துகொள்ளும். பதிவுக்கு முன் பத்து நொடி வெற்றறையைப் பதிந்து, ஹெட்ஃபோனில் சத்தம் ஏற்றிக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அது பிரிட்ஜ். அணைத்துவிட்டு மறுநாள்தான் நினைவு வந்தது; பால் போயிற்று, வீட்டில் என் பேச்சும் எடுபடவில்லை. பிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள், மறக்க முடியாது.

9. எதிரொலிக்கும் ஒரு அளவு உண்டு

அவன் "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்துகிறான். எதிரே பாறைச் சுவர் 170 மீட்டர் தூரத்தில் இருந்தால் குரல் போய்த் திரும்ப ஒரு நொடி. 85 மீட்டர் என்றால் அரை நொடி. படத்தில் தெரியும் தூரத்தைப் பார்த்து இதைச் சவுண்ட் டிசைனர் வைப்பார். உங்கள் இசைக்குப் போடும் ரீவெர்பும் (செயற்கையாகச் சேர்க்கும் முழக்கம்) அதோடு ஒத்துப்போக வேண்டும்.

அடர்ந்த சோலைக்குள் தெளிவான எதிரொலி வராது. இலையும் பாசியும் கிளையும் சத்தத்தைச் சிதறடித்துக் குடித்துவிடும். அங்கே இசை வறண்டு, காதுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். புல்வெளி மேட்டுக்கு ஏறி, எதிர்மலை தெரிந்த பிறகு திறந்துவிடுங்கள். புதியவர்கள் எல்லாக் காட்சிக்கும் ஒரே பெரிய ரீவெர்பைப் போடுவதால் பாறை இடுக்கில் கிடப்பவன் சர்ச்சுக்குள் இருப்பது போல் கேட்கும்.

10. சவுண்ட் டிசைனரோடு பாகப்பிரிவினை

இசையை முடித்துவிட்டு அவரைக் கூப்பிடுவது தப்பு. எழுதத் தொடங்கும்போதே, எந்தக் காட்சி யாருடையது என்று பேசி முடியுங்கள். ஓடைக்காட்சி அவருடையது. பெருகி ஓடும் தண்ணீர் கீழ்ச்சத்தம் முதல் மேல்சத்தம் வரை எல்லாவற்றையும் அடைத்துக்கொள்ளும். அதன் மேல் மெல்லிய குழலை வைத்தால், வசனம், சத்தம், இசை மூன்றையும் அளவாகக் கலக்கும் மிக்சிங்கில் முதல் பலி அந்தக் குழல்தான்.

கிசுகிசுப்பும் மூச்சும் நிறைந்த படம் இது. வார்த்தை தெளிவாகக் கேட்க உதவும் 2 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸ் பகுதியை இசையில் காலியாக விட்டு வையுங்கள்.

கீழ்ச்சத்தத்தில் இன்னொரு பொறி. யானையின் அடித்தொண்டை உறுமல் 14 முதல் 35 ஹெர்ட்ஸ் வரை போகும், பாதி நம் காதுக்கே எட்டாது என்று எங்காவது படித்துவிட்டு, 15 ஹெர்ட்ஸில் ட்ரோன் போட்டு "தியேட்டர்ல அதிரும்ணா" என்பார்கள். தியேட்டர் சப்வூஃபரே பெரும்பாலும் அவ்வளவு கீழே போகாது. போன் ஸ்பீக்கரில் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவுமே வராது. கனம் வேண்டுமென்றால் 40, 50 ஹெர்ட்ஸில் அடியை வைத்து, அதன் மேல்சுரங்களும் கேட்கிற மாதிரி கொஞ்சம் கரகரப்பு சேருங்கள். சின்ன ஸ்பீக்கரில் காது மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

11. பழைய பாட்டு வேண்டும் என்று இயக்குநர் கேட்டால்

தனியாகக் கிடப்பவன் பழைய சினிமாப் பாட்டை முனகுவது நல்ல யோசனைதான். ஆனால் "பத்து நொடிக்குள்ள போட்டா உரிமை வாங்க வேண்டாம்ணா" என்பது வெறும் வாய்வழிக் கதை. அப்படி ஒரு விதி கிடையாது. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை, பதிவான ஒலிக்குத் தனி உரிமை. நடிகர் வெறும் குரலில் முனகினால்கூட முதல் உரிமை வேண்டும். இதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிக்க வேண்டும். பிறகு என்றால், உதடு அசைந்த காட்சியை என்ன செய்வீர்கள்?

12. மீட்புக் காட்சியைக் கடைசியில் எழுதுங்கள்

எல்லோரும் முதலில் எழுதுவது இதைத்தான், உற்சாகத்தில். முதலில் எழுதினால் அந்த மெட்டு மெல்ல மெல்ல முன்னால் இருக்கும் காட்சிகளுக்குள் கசிந்துவிடும்.

எங்கள் படத்தில் அதுவரை மூன்று சீட்டி வந்திருக்கிறது: குருவியின் சீட்டி, செந்நாயின் சீட்டி, அவன் மனதுக்குள் கேட்கும் சீட்டி. கடைசியில் தேடி வருகிற தோட்டத்து ஆட்கள் பள்ளத்தில் நின்று சீட்டியடிக்கிறார்கள். அங்கே ஒரு துளி இசை வைக்கவில்லை. அவன் நம்பவில்லை, பார்க்கிறவர்களும் நம்பவில்லை. டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்து, ஒருவர் "டேய், இங்க இருக்கான்டா!" என்று கத்தி, கம்பளியைப் போர்த்தி, அவன் முதல் மடக்குச் சூடான தண்ணீரைக் குடித்த பிறகுதான் குழலில் காந்தாரம் வருகிறது. கம்பளிக்கும் காந்தாரத்துக்கும் நடுவே 19 நொடி. அந்த 19 நொடிக்காக இயக்குநரோடு இரண்டு நாள் பேசினேன்.

13. ஒப்படைப்பது

முழு இசையை ஒரே கோப்பாக ஒட்டிக் கொடுக்காதீர்கள். சீட்டியும் குழலும் ஒன்று, இழுவை ஒன்று, அடி ஒன்று, ட்ரோன் ஒன்று என்று தனித்தனி ஸ்டெம்மாகக் கொடுங்கள். மிக்சிங்கில் வசனம் மூழ்கினால் மொத்த இசையையும் இறக்காமல் ட்ரோனை மட்டும் இறக்க முடியும்.

எல்லா ஸ்டெம்மும் ஒரே டைம்கோடில் தொடங்க வேண்டும். படத்தின் முதல் ஃபிரேமுக்குச் சரியாக 2 நொடி முன்னால், ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1 கிலோ ஹெர்ட்ஸ் 'பிப்' வையுங்கள்; பொருத்துகிறவருக்கு அதுதான் அடையாளம். மாஸ்டர் ட்ராக்கில் லிமிட்டர் (சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் அமுக்கும் கருவி) போட்டு நசுக்காதீர்கள், மெல்லிய சத்தமும் பெரிய சத்தமும் இந்தப் படத்துக்கு உயிர். கோப்பின் பெயரில் ரீலும் வரிசையும் இருக்கட்டும்: '2எம்3' என்றால் இரண்டாம் ரீலில் மூன்றாவது இசைத்துண்டு. 'பைனல் புதுசு கரெக்ட்' என்று பெயர் வைத்தவரை எனக்குத் தெரியும். அதற்கப்புறம் 'பைனல் புதுசு கரெக்ட் 2' வந்தது.

அனுப்பும் முன் மூன்று இடத்தில் கேளுங்கள்: நல்ல ஸ்பீக்கரில், டிவியில், போனில். போனை எடுத்துக்கொண்டு கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்பது என் வழக்கம். அந்த எஞ்சின் சத்தத்திலும் சீட்டி கேட்டால், எங்கேயும் கேட்கும்.

சிவப்படித்து நீக்கிய இசைத்துண்டுகளை அழித்துவிடாதீர்கள். தனி ஃபோல்டரில் டைம்கோடோடு வையுங்கள். மிக்சிங்குக்கு முந்தின இரவு 11 மணிக்கு இயக்குநர் போன் பண்ணி, அழுகைக் காட்சிக்கு முன்னாடி ஒண்ணு போட்டீங்களே, அதை மட்டும் ஒரு தடவை வச்சுப் பார்க்கலாமா என்று கேட்பார். அனுப்பி வையுங்கள். கூடவே அது இல்லாத பிரதியையும் அனுப்புங்கள்.